பார்வையற்றோர் கையில் லினக்ஸ்

டெபியன் லினக்ஸின் நிறுவல் வட்டைப் போட்டுக் கணினியை இயக்கினால், தொடக்கப் பட்டியல் திரைக்கு வந்ததும் 'பீப்' என்று ஓர் ஒலி கேட்கும். அப்போது எஸ் விசையையும் என்டரையும் அழுத்தினால் போதும். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியிலிருந்து ஓர் இயந்திரக் குரல் பேசத் தொடங்கும். எந்த மொழி, எந்த நாடு, வட்டை எப்படிப் பிரிக்க வேண்டும், கடவுச்சொல் என்ன என்று ஒவ்வொரு கேள்வியையும் அது வாசிக்கும். பார்வையே இல்லாத ஒருவர், பக்கத்தில் யாரும் இல்லாமல், வெறும் கணினியில் ஓர் இயங்குதளத்தை நிறுவி முடித்துவிடலாம். 2013-இல் வெளிவந்த டெபியன் 7 முதல் இந்த வசதி இருக்கிறது.

நிறுவி முடித்த அதே ஆள், புதிதாக இறக்கிய ஒரு செயலியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குரல் 'சட்டகம்' என்கிறது. டேப் விசையை அழுத்தினால் 'பொத்தான்' என்கிறது. மறுபடி அழுத்தினாலும் 'பொத்தான்'. எது சேமிக்கும், எது அழிக்கும் என்று தெரியாமல் ஒன்றை அழுத்திப் பார்ப்பதா, செயலியை மூடிவிடுவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். முதல் காட்சியும் இரண்டாவது காட்சியும் ஒரே லினக்ஸ்தான். பார்வையற்றோருக்கு லினக்ஸ் ஒத்துவருமா என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக ஆளுக்கொரு பதில் சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். யார் எந்தக் காட்சியைக் கண்டாரோ, அதையே பதிலாகச் சொல்கிறார்.

என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் திரைவாசிப்பான் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. லினக்ஸின் வரைகலைத் தளத்தை ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை அடியோடு மாற்றிக் கட்டுகிறார்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது மாடிப்படியை மட்டும் 'கிரகப்பிரவேசம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவைப்பதுபோல், ஒவ்வொரு முறையும் அணுகல் வசதி கடைசிக்குத் தள்ளப்படுகிறது. வரலாற்றைப் புரட்டினால் இது திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் இயங்குமுறை. திரைவாசிப்பான் என்ற பெயரைக் கேட்டால், திரையில் தெரிவதை அது பார்த்துப் படிப்பதாகத் தோன்றும். அப்படி அது எதையும் பார்ப்பதில்லை. வரைகலைத் திரையில் இருப்பவை வெறும் வண்ணப் புள்ளிகள். எந்தப் புள்ளிக் கூட்டம் பொத்தான், எது எழுதும் பெட்டி என்று செயலிதான் சொல்ல வேண்டும். லினக்ஸில் அதற்கென ஏடி-எஸ்பிஐ என்ற இடைமுகம் இருக்கிறது. ஒவ்வொரு செயலியும் தன் சாளரத்தில் உள்ள பொருள்களை ஒரு மரக்கிளை வரிசையாக அதன் வழியே அறிவிக்கும்: இது பொத்தான், இதன் பெயர் 'சேமி', இது இப்போது அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறது. வகை, பெயர், நிலை ஆகிய மூன்றில் பெயரைச் சொல்லச் செயலி மறந்தால் மேலே கண்ட 'பொத்தான், பொத்தான்' கதைதான். படத்தை மட்டும் ஒட்டி, பெயர் எழுதாமல் விட்ட பொத்தான் கண்ணுள்ளவருக்கு அழகாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கு அது ஊமைப் பொருள்.

எழுத்து மட்டுமே உள்ள கரும்பலகைத் திரையில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே திரை என்பதே எழுத்துகளின் அடுக்கு. அதை நினைவகத்திலிருந்து நேரே எடுத்துப் பேசிவிடலாம். லினக்ஸ் பிறந்த காலத்திலேயே பார்வையற்ற பயனர்கள் அதனிடம் ஈர்க்கப்பட்டதன் காரணம் இது. 1990-களின் நடுவில் மற்ற இடங்களில் எல்லாம் சுட்டியும் படமும் புகுந்து, பழைய டாஸ் திரைவாசிப்பான்கள் பயனற்றுப் போய்க்கொண்டிருந்தன. லினக்ஸிலோ முழு இயங்குதளத்தையும் கட்டளை தட்டச்சிட்டே ஆளலாம்.

அந்தக் காலத்தின் மூன்று படைப்புகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒன்று, 1995-இல் தொடங்கிய பிஆர்எல்டிடிஒய். இதன் முதன்மை வேலை குரல் எழுப்புவதல்ல. பிரெயில் காட்டியை, அதாவது ஊசிகள் எழுந்தும் தாழ்ந்தும் ஒரு வரி பிரெயிலை விரலடியில் தரும் கருவியை, திரையோடு இணைக்கும். இரண்டாவது ஸ்பீக்கப். இது இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். தனிப் பெட்டியாக வந்த டெக்டாக் போன்ற பேச்சுக் கருவிகளைப் பொருத்தினால், கணினி விழிக்கத் தொடங்கியதுமே பேசும். கெர்னலின் சோதனைப் பகுதியில் ஏறத்தாழ பத்தாண்டு கிடந்த ஸ்பீக்கப், 2020-இல் வந்த 5.9 பதிப்பில்தான் முதன்மைப் பகுதிக்குள் அனுமதிக்கப்பட்டது.

மூன்றாவது ஈமாக்ஸ்பீக். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதை எழுதிய டி. வி. ராமன் புனேயில் வளர்ந்தவர். கண் அழுத்த நோயால் பதினான்கு வயதில் பார்வையை முழுதும் இழந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் புரிந்துகொள்ளும்படி வாசிக்கும் ஆஸ்டர் என்ற மென்பொருள்தான் அவருடைய ஆய்வு. ஆஸ்டர் அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட. மறு ஆண்டு அவர் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக், ஈமாக்ஸ் என்ற எழுதுபொறியின்மேல் அமர்ந்து வேலை செய்கிறது. நிரலாளர்களில் ஒரு சாரார் அஞ்சல், நாட்காட்டி, இணையம் எல்லாவற்றையும் ஈமாக்ஸுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஈமாக்ஸைப் பேசவைத்தால் முழு மேசையும் பேசியதற்குச் சமம்.

ராமன் பிடித்த பிடி இதுதான்: திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பது வீண். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று செயலிக்குத் தெரியும், அதைக் கேட்டுப் பேசினால் போதும். ஒரு மாத நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் திரைவாசிப்பான் அதை 'ஞா தி செ பு, 1 2 3 4' என்று வரிவரியாக ஒப்பிக்கும். ஈமாக்ஸ்பீக் நீங்கள் நிற்கும் கட்டத்தைப் பார்த்து, இன்ன கிழமை, இன்ன தேதி, இன்ன ஆண்டு என்று முழுதாகச் சொல்லும். நிரல் எழுதுபவருக்குக் கண்ணால் பார்க்க வண்ணங்கள் உதவுகின்றன அல்லவா, குறிப்பு ஒரு நிறம், கட்டளைச் சொல் ஒரு நிறம் என்று? ஈமாக்ஸ்பீக்கில் நிறத்துக்குப் பதில் குரல் மாறும். குறிப்பு ஒரு குரலில், மேற்கோள் வேறொரு குரலில் ஒலிக்கும். இந்த நேர்த்தி இன்றுவரை வரைகலைத் திரைவாசிப்பான்கள் பலவற்றுக்கும் முழுதாகக் கைவரவில்லை என்றே சொல்வேன். ஆனால் ஈமாக்ஸைக் கற்பது எளிதல்ல. வேலைக்குப் போகும் ஒரு தட்டச்சருக்கோ கல்லூரி மாணவிக்கோ அதைப் பரிந்துரைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களுக்கு வேண்டியது எல்லாரும் பயன்படுத்தும் டெஸ்க்டாப்.

அந்த டெஸ்க்டாப்புக்குக் குரல் வந்த கதையில் அமெரிக்கச் சட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. மறுவாழ்வுச் சட்டத்தின் 508-ஆம் பிரிவு 1998-இல் திருத்தப்பட்டு 2001-இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடியாத கணினிப் பொருளை மத்திய அரசு அலுவலகங்கள் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசுக்குக் கணினி விற்றுவந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ், தன் டெஸ்க்டாப்பாக நோம் தளத்தை வரித்திருந்தது. அதில் திரைவாசிப்பான் இல்லாவிட்டால் விற்பனை நடக்காது. ஆகவே ஏடி-எஸ்பிஐ இடைமுகத்தை உருவாக்கும் வேலையில் சன் பணத்தையும் ஆட்களையும் இறக்கியது. முதலில் வந்த நோபர்னிகஸ் என்ற திரைவாசிப்பான் பெரிதாக எடுபடவில்லை. அதன்பின் சன் நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட ஆர்கா, 2006 செப்டம்பரில் வந்த நோம் 2.16-இல் அதன் இடத்தைப் பிடித்தது. ஆர்கா பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு செயலியின் குணத்துக்கும் தனித்தனி நிரல்துண்டு எழுதிச் சேர்க்கலாம் என்பது அதன் பலம்.

இதே காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்ததைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இன்னும் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 2005-இல் அந்த மாநில அரசு, 2007 முதல் தன் ஆவணங்கள் எல்லாம் ஓபன்டாக்குமென்ட் என்ற திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. திறந்த தரம், ஒரே நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுதலை என்று உலகெங்கும் கைதட்டல். எதிர்ப்பு எழுப்பியவர்களில் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் இருந்தன. அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பார்வையற்றோர் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸையும் ஜாஸ் என்ற திரைவாசிப்பானையும் சேர்த்தே பயன்படுத்தப் பழகியிருந்தார்கள். புதிய வடிவத்தைத் திறக்கும் மென்பொருள்கள் அப்போது ஜாஸோடு ஒழுங்காகப் பேசவில்லை. கொள்கை வகுத்தவர்கள் இவர்களை முன்கூட்டிக் கேட்கவில்லை. மைக்ரோசாஃப்ட் இந்த எதிர்ப்பைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது என்று ஆர்வலர்கள் குறைப்பட்டார்கள். அதில் உண்மை இருக்கலாம். அதனால் பார்வையற்ற எழுத்தரின் கவலை பொய்யாகிவிடாது. கடைசியில் மாநில அரசு, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குள்ளேயே இணைப்பு மென்பொருள் வைத்துக் காலம் தள்ளியது. 2007-இல் மைக்ரோசாஃப்டின் வடிவத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இதன் விளைவாக ஒரு நல்லதும் நடந்தது. திறந்த ஆவணச் செயலிகளின் அணுகல் வசதிக்காக ஐபிஎம் ஐஅக்சஸிபிள்2 என்ற இடைமுகத்தை வகுத்து எல்லாருக்கும் பொதுவாக்கியது.

சன் நிறுவனத்தை 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கி முடித்தது. அணுகல் வசதிக்கென இருந்த குழு கரைந்தது. ஆர்காவைத் தலைமையேற்று நடத்தியவர் வெளியேற, தன்னார்வலராகத் தொடங்கிய ஜோன்மேரி டிக்ஸ் அதைத் தோளில் சுமந்தார். பிறகு ஸ்பெயினின் கலீசியாவில் உள்ள இகாலியா நிறுவனத்தில் பணியாற்றியபடி அதைத் தொடர்ந்தார். உலகில் லினக்ஸ் டெஸ்க்டாப் பயன்படுத்தும் பார்வையற்றோர் அனைவருக்குமான முதன்மைக் கருவி பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே ஆளின் கையில் இருந்தது என்பதை நினைத்தால் திகைப்பாக இருக்கிறது. வணிக நிறுவனத்தில் ஒரு பிரிவே செய்யும் வேலை அது.

நேரமும் மோசமாக அமைந்தது. 2011 ஏப்ரலில் நோம் 3 வந்தது. அடியில் இருந்த கோர்பா என்ற பழைய தகவல் பரிமாற்ற முறையைக் கழித்துவிட்டு டி-பஸ் என்ற புதிய முறைக்கு ஏடி-எஸ்பிஐயும் அப்போதுதான் மாறியிருந்தது. அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் 11.04 பதிப்பு தன் புதிய யூனிட்டி முகப்பைக் கொண்டுவந்தது. யூனிட்டியில் திரைவாசிப்பானுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. பழைய முகப்பைத் தேர்ந்தெடுத்து நுழைந்தால் வேலை நடக்கும் என்று பார்வையற்ற பயனர்களுக்குச் சொல்லப்பட்டது. அடுத்தடுத்த பதிப்புகளில் நிலைமை தேறியது உண்மை. ஆனாலும் இடைப்பட்ட ஓரிரு ஆண்டில் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு விண்டோஸுக்கோ மேக்குக்கோ போய்விட்டார்கள்.

போவதற்கு இடமும் இருந்தது. இதைக் கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜாஸ் வாங்க ஆயிரம் டாலரை ஒட்டிச் செலவாகும் என்ற நிலையில், விலையில்லா லினக்ஸும் விலையில்லா ஆர்காவும் ஏழை நாட்டு மாணவருக்கு வரப்பிரசாதம் என்ற வாதம் எடுபட்டது. ஆனால் 2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேமி டே அவரோடு சேர்ந்தார். அது விண்டோஸில் ஓடும். விலை கிடையாது. மூலநிரலும் திறந்தது. ஆக, கட்டற்ற மென்பொருளின் மிகப்பெரிய அணுகல் வெற்றி கட்டற்ற இயங்குதளத்தில் நடக்கவில்லை. இன்று உலக அளவிலான பயனர் கணக்கெடுப்புகளில் ஜாஸும் என்விடிஏவும் சேர்ந்து நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பிடித்துக்கொள்கின்றன. ஆர்காவுக்குக் கிடைப்பது சொற்பம். விலை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இனி யாரையும் லினக்ஸுக்கு அழைக்க முடியாது.

இப்போது நடந்துகொண்டிருப்பது அடுத்த தள மாற்றம். திரையில் சாளரங்களை வரைய லினக்ஸ் நெடுங்காலம் எக்ஸ்11 என்ற முறையை நம்பியிருந்தது. அதன் இடத்துக்கு வேலேண்ட் வந்துவிட்டது. எக்ஸ்11-இல் ஓடும் எந்தச் செயலியும் மற்றச் செயலிகளில் நீங்கள் தட்டும் விசைகளை எல்லாம் ஒட்டுக்கேட்கலாம். கடவுச்சொல் திருடுபவனுக்கும் இது வசதி. ஆகவே வேலேண்ட் இந்த வழியை அடைத்தது. பாதுகாப்பு நோக்கில் சரியான முடிவு.

ஆனால் திரைவாசிப்பானின் பிழைப்பே ஒட்டுக்கேட்பதில்தான் இருக்கிறது. ஆர்காவில் இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக் விசையைப் பிடித்துக்கொண்டு வேறொரு விசையைத் தட்டினால் அது ஆர்காவுக்கான ஆணை. ஆணை விசையோடு எச் அழுத்தினால் பயிற்சி நிலை, இடவெளி விசை அழுத்தினால் அமைப்புகள். நீங்கள் எந்தச் செயலிக்குள் இருந்தாலும் இந்த விசைகள் முதலில் ஆர்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். வேலேண்டில் அது உறுதியில்லாமல் இருந்தது. சில செயலிகளில் வேலை செய்தது, சிலவற்றில் செய்யவில்லை. கேப்ஸ் லாக்கை ஆணை விசையாக வைத்திருந்தவர்களுக்கு ஆணையும் போகும், கூடவே பெரிய எழுத்தும் பூட்டிக்கொள்ளும். பேசிக்கொண்டே போகும் குரலை நிறுத்த கன்ட்ரோல் விசையைத் தட்டினாலும் சில சமயம் அது காதில் வாங்காது. மடிக்கணினியில் வேலை செய்யும் ஒருவருக்கு இது எவ்வளவு எரிச்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு 2025 மார்ச்சில் வந்த நோம் 48-இல் கிடைத்தது. சாளரங்களை ஆளும் நிரலே விசைகளைத் திரைவாசிப்பானுக்கு முறைப்படி ஒப்படைக்கும் வழி ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. நோம் தளத்தில் வேலேண்ட் முதன்மையாகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு வந்த தீர்வு இது. அதே ஆண்டு அக்டோபரில் உபுண்டு 25.10 தன் நோம் டெஸ்க்டாப்பிலிருந்து எக்ஸ்11 நுழைவையே எடுத்துவிட்டது. ஏழு மாத இடைவெளி! தீர்வு சற்றுத் தாமதித்திருந்தால் 2011-இன் கதை மறுபடி நடந்திருக்கும்.

இந்த முறை ஒரு மாற்றம் தெரிகிறது. ஜெர்மனி அரசின் சாவரின் டெக் ஃபண்டு 2023-இல் நோம் அமைப்புக்குப் பத்து லட்சம் யூரோ ஒதுக்கியது. அணுகல் வசதியும் அதன் பணிகளில் ஒன்று. அந்தப் பணத்தில் மேட் கேம்பல் நியூட்டன் என்ற புதிய இடைமுகத்துக்கு மாதிரி வடிவம் எழுதினார். பார்வைக் குறைபாடு உள்ளவர், விண்டோஸுக்குத் திரைவாசிப்பான் எழுதி, மைக்ரோசாஃப்டிலும் அணுகல் துறையில் பணியாற்றியவர். நியூட்டனின் கருத்து எளியது. இப்போதைய ஏடி-எஸ்பிஐயில் ஆர்கா ஒவ்வொரு பொருளைப் பற்றியும் செயலியிடம் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது. இந்தப் பொருளின் பெயர் என்ன, அடுத்தது எது, அதன் நிலை என்ன? நீளமான இணையப் பக்கத்தில் இந்தக் கேள்வி பதில் ஆயிரக்கணக்கில் போகும். குரல் திணறுவது அதனால்தான். நியூட்டனில் செயலி தன் மரக்கிளை முழுவதையும் தானே முன்வந்து அனுப்பிவிடும், பிறகு மாறியதை மட்டும் அனுப்பும். ஆர்கா தன் கையில் உள்ள படியைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இது முழுதாக நடைமுறைக்கு வர இன்னும் பணமும் ஆளும் வேண்டும். அரசுப் பணம் இப்படி அடித்தளத்துக்கு வந்தது ஆறுதலான செய்தி. 508-ஆம் பிரிவுக்குப் பிறகு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து நடந்த பெரிய நல்ல காரியம் இது.

நம் நாட்டு நிலவரத்துக்கு வருவோம். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கியது. ஆர்காவும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. கணினியில் ஆர்கா இருக்கிறது என்பது வேறு, அதைச் சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார் என்பது வேறு. கேரளம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போனது. அங்கே அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. எனவே பார்வையற்ற ஆசிரியரும் மாணவரும் லினக்ஸைத் தவிர்க்க முடியாது. தேவை இருந்ததால் ஆட்களும் உருவானார்கள். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும் லியோஸ், உபுண்டு மாட்டேயை அடிப்படையாகக் கொண்ட அக்சஸிபிள் கோகனட் வழங்கல் ஆகியவை கேரள மண்ணில் விளைந்தவை.

சாதாரண விசைப்பலகையில் பிரெயில் முறையில் தட்டச்சு செய்யும் சாரதா மென்பொருளும் அங்கிருந்து வந்ததே. எஃப், டி, எஸ் இடக்கைக்கு, ஜே, கே, எல் வலக்கைக்கு. ஆறு விசை, ஆறு புள்ளி. ஓர் எழுத்துக்கு உரிய புள்ளிகளை ஒருசேர அழுத்தி எடுத்தால் எழுத்து விழுகிறது. பள்ளியில் பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெயில் தட்டச்சுப்பொறியில் பழகிய பிள்ளைக்குப் புதிதாக ஒரு விசைப்பலகை அமைப்பைக் கற்க வேண்டிய பாடு இல்லை. அளவில் சின்னதுதான். பயன்படுத்துபவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தவருக்குத்தான் இது தோன்றும்.

யாருக்கு எதைப் பரிந்துரைக்கலாம்? போட்டித் தேர்வுக்கும் வங்கி வேலைக்கும் தயாராகும் ஒருவருக்கு விண்டோஸில் என்விடிஏ. தயங்காமல் இதையே சொல்வேன். பணியிடத்தில் அதுதான் இருக்கும். நிரல் எழுதவோ சர்வர்களைப் பராமரிக்கவோ போகிறவர் லினக்ஸ் கற்றே ஆக வேண்டும். அங்கே அவருக்கு ஒரு குறையும் இராது. டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே கட்டளையைத்தான் தட்டுகிறார்கள். வீட்டில் இணையம், அஞ்சல், எழுத்து வேலை போதும் என்பவருக்கும் ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் ஆர்காவோடு ஒத்துப்போகின்றன. இணையப் பக்கத்தில் எச் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு, டி தட்டினால் அட்டவணை. என்விடிஏ பழகியவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. உபுண்டுவில் ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர்கா பேசத் தொடங்கும். உபுண்டு உள்ள கணினியை வாங்குவதற்கு முன் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை, ஒலி பற்றியது. லினக்ஸில் ஒலி அட்டையை ஆளும் முறையும் பலமுறை மாறியிருக்கிறது. எழுத்துத் திரைக்கான பேச்சும் டெஸ்க்டாப்புக்கான பேச்சும் ஒரே அட்டைக்குப் போட்டி போட்டு, ஒன்று மற்றதை வாயடைத்துவிடும் நிகழ்வு முன்பு சகஜம். பார்வையுள்ளவருக்கு ஒலி போனால் பாட்டு கேட்காது. பார்வையற்றவருக்கு ஒலி போனால் திரையே அணைந்ததாகப் பொருள், பழுதுபார்க்கவும் வழி கிடையாது. புதிய பதிப்புக்கு மாறும் முன் பிரெயில் காட்டியோ இன்னொரு கணினியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

கடைசியாகத் தமிழ். லினக்ஸில் ஆர்காவைத் தமிழ் பேசவைப்பது ஈஸ்பீக். ஜோனதன் டடிங்டன் என்பவர் பழைய ஏக்கர்ன் கணினிக்காக எழுதத் தொடங்கிய அது, இன்று ஈஸ்பீக் என்ஜி என்ற பெயரில் தொடர்கிறது. மனிதக் குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்டாமல், கணக்கின் மூலமே ஒலியை உருவாக்குகிறது. அதனால் சில மெகாபைட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அடங்குகின்றன. முதலில் கேட்பவருக்கு அந்தக் குரல் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி தலைமையில் இந்திய மொழிகளுக்கென உருவான குரல்கள் கேட்க எவ்வளவோ இனிமை. ஆனாலும் நாள் முழுதும் திரைவாசிப்பானோடு வாழ்பவர்கள் ஈஸ்பீக்கையே விரும்புவதைப் பார்த்துப் பார்வையுள்ளோர் வியப்பார்கள். விசையைத் தட்டிய கணத்தில் அது பேசும். நிமிடத்துக்கு 300, 400 சொற்கள் என்று வேகத்தை முடுக்கினாலும் சொல் சிதையாது. இனிய குரல்கள் கதை கேட்க நன்று, பிழை திருத்த உதவாது.

தமிழில் ஈஸ்பீக் தடுமாறும் இடங்களில் பாதி அதன் குற்றம் அல்ல. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணத்தைத் திறந்து, 'தமிழ்' என்று அச்சாகியிருக்கும் சொல்லை எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று குரல் சொல்லும். கணினிக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேடம். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்ற குறிமுறையையும் தரமாக அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆவணங்களும், இன்னும் பழைய எழுத்துருவிலேயே பக்கம் கட்டும் அச்சகங்களின் பிடிஎஃப்களும் எந்தத் திரைவாசிப்பானுக்கும் பிடிபடாது. ஒருங்குறியில் செய்த பிடிஎஃபிலும் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்பது உண்டு.

மீதிப் பாதி உச்சரிப்பு. பகல், பக்கம், தங்கம் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும், அதற்கு இலக்கணம் உண்டு. ஈஸ்பீக்கின் விதிக் கோப்பு அதைச் சமாளிக்கிறது. இரவல் சொற்கள் வந்தால் விதி கைவிரித்துவிடும். பஸ்ஸின் முதல் எழுத்தை 'பகல்' போலவே வல்லொலியாகச் சொல்லும். 'கேஸ்' என்றால் அடுப்புக்கு வரும் கேஸா, நீதிமன்றத்துக்குப் போகும் கேஸா என்று அதற்குத் தெரியாது. ஏன், பாஸ் லினக்ஸின் பெயரே அதன் வாயில் தேர்வில் பாஸ் ஆவதுபோல்தான் வரும். விதிக்கு அடங்காத சொற்களுக்கென ஈஸ்பீக்கில் தனிப் பட்டியல் கோப்பு ஒன்று இருக்கிறது. சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒரு வரியில் சொல், அதன் எதிரே அது ஒலிக்க வேண்டிய முறை. நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் ஒரு மாலைப்பொழுதில் அந்த முறையைக் கற்றுக்கொண்டு ஐம்பது சொல் சேர்க்கலாம். அந்தத் திருத்தம் ஏற்கப்பட்டால் ஆர்காவோடு நிற்காது. விண்டோஸில் என்விடிஏவுக்குள் பேசுவதும், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பலர் நிறுவிக்கொள்வதும் இதே ஈஸ்பீக்தான்.